ஒரே பதிலடி, இரண்டு தீர்ப்பு: ஆப்லிவியன் ரிங்கும் பானிஷர் பிரீஸ்ட்டும்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தின் டோர்னமென்ட் ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு ரவுண்டுகளில் நடந்ததைச் சொல்லி விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். முதல் ரவுண்டில் எதிராளி ஆப்லிவியன் ரிங்கை இறக்கி, உங்கள் கிரீச்சரை (களத்தில் சண்டையிடும் கார்டு) எக்ஸைல் செய்ய, அதாவது களத்திலிருந்து ஒதுக்கிவைக்க, டார்கெட் செய்தார். அந்தத் திறன் நிறைவேறுவதற்குள் நீங்கள் டிசென்சான்ட் போட்டு ரிங்கை அழித்துவிட்டீர்கள். ஆனாலும் கிரீச்சர் போனது போனதுதான், ஆட்டம் முடியும்வரை திரும்பாது என்றார் ஜட்ஜ். அடுத்த ரவுண்டில் இன்னொருவர் பானிஷர் பிரீஸ்ட்டை இறக்கி அதே மாதிரி டார்கெட் செய்ய, நீங்கள் லைட்னிங் போல்ட் அடித்து பிரீஸ்ட்டைக் கொன்றீர்கள். இந்த முறை உங்கள் கிரீச்சர் களத்தை விட்டு நகரவே நகராது என்றார் அதே ஜட்ஜ். விதிகளைப் பற்றி ஒருவர் ஒன்று சொல்ல இன்னொருவர் வேறு சொல்வதாகவும் குழம்பியிருக்கிறீர்கள். கூடவே இரண்டு துணைக் கேள்விகள். பித்திங் நீடிலுக்கு (ஒரு கார்டின் பெயரைச் சொல்லி அதன் திறன்களை முடக்கும் கார்டு) எதிராளி பெயர் சொன்ன பிறகு உங்களைப் பதிலடி கொடுக்க விடவில்லை, அது சரியா? உங்கள் டிரிக்கரை, அதாவது ஏதாவது நடந்ததும் தானாகக் கிளம்பும் திறனை, நீங்கள் மறந்தபோது எதிராளி வாயே திறக்கவில்லை, அது முறையா?

ஜட்ஜ் இரண்டு முறையும் சரியாகத்தான் தீர்ப்புச் சொன்னார். நீங்கள் செய்தது ஒன்றே என்றாலும் அந்த இரண்டு கார்டுகளும் ஒன்றல்ல. பார்வைக்கு ஒரே வேலையைச் செய்யும் கார்டுகள் அவை. அந்த வேலையை எத்தனை திறன்களாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். டைமிங் பற்றி வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. யார் முந்திக்கொண்டு கார்டைப் போட்டார் என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஆட்டமோ, கார்டில் எழுதியிருப்பது எந்த வகைத் திறன், அது எந்தக் கணத்தில் களத்தைப் பார்க்கிறது என்று மட்டும்தான் பார்க்கும்.

முதலில் ரிங். 2007ல் லார்வின் செட்டில் வந்த இந்தக் கார்டில் இரண்டு தனித்தனி டிரிக்கர்கள் இருக்கின்றன. களத்துக்கு வரும்போது, லேண்ட் (செலவுக்கான மானா என்ற சக்தியைத் தரும் கார்டு) அல்லாத வேறொரு பெர்மனென்ட்டை (களத்தில் நிலைத்திருக்கும் கார்டு) எக்ஸைல் செய் என்பது ஒன்று. களத்தை விட்டுப் போகும்போது, எக்ஸைல் ஆன கார்டை அதன் சொந்தக்காரரின் கட்டுப்பாட்டில் திருப்பிக் கொண்டுவா என்பது இன்னொன்று. உங்கள் மேஜையில் நடந்ததை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

ரிங் ஸ்பெல் (கையிலிருந்து போட்டு, இன்னும் நிறைவேறாத கார்டு) ரிசால்வ் ஆகி, அதாவது நிறைவேறி, களத்துக்கு வந்தது. உடனே முதல் டிரிக்கர் கிளம்பியது. யாருக்கும் பிரயாரிட்டி, அதாவது அடுத்து ஏதாவது செய்வதற்கான முறை, கிடைப்பதற்கு முன்பே அந்த டிரிக்கர் ஸ்டாக்கில், அதாவது நிறைவேறக் காத்திருப்பவற்றின் அடுக்கில், ஏறிவிடும். ஏறும்போதே டார்கெட்டையும் சொல்லியாக வேண்டும். அவர் உங்கள் கிரீச்சரைச் சொன்னார். அது அவருடைய டர்ன் என்பதால் பிரயாரிட்டி முதலில் அவருக்குப் போனது; அவர் பாஸ் செய்தார். உங்கள் முறை வந்தது, டிசென்சான்ட் போட்டீர்கள். ஸ்டாக்கில் கடைசியாக ஏறியதுதான் முதலில் இறங்கும். இருவரும் பாஸ் செய்ததும் டிசென்சான்ட் ரிசால்வ் ஆகி ரிங் அழிந்தது. ரிங் களத்தை விட்டுப் போன அந்தக் கணத்தில் இரண்டாவது டிரிக்கர் கிளம்பி, ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும் முதல் டிரிக்கருக்கு மேலே போய் உட்கார்ந்தது. மேலே இருப்பதால் அதுதான் முதலில் ரிசால்வ் ஆகும். எக்ஸைல் ஆன கார்டைத் திருப்பிக் கொண்டுவா என்கிறது. இதுவரை எந்தக் கார்டும் எக்ஸைல் ஆகவில்லையே! அதனால் ஒன்றும் நடக்காமல் அந்த டிரிக்கர் முடிந்துபோனது. இப்போதுதான் முதல் டிரிக்கரின் முறை. அது உங்கள் கிரீச்சரை எக்ஸைல் செய்கிறது. திருப்பிக் கொண்டுவரும் வேலை ஏற்கெனவே வந்து வெறுங்கையோடு போய்விட்டதால், அந்தக் கிரீச்சரை மீட்க இனி ஆட்டத்தில் எதுவும் இல்லை.

ஆக, உங்களுக்கு விழுந்த அடி ரிங் கொடுத்தது அல்ல, உங்கள் டிசென்சான்ட் அவசரப்பட்டதால் வந்தது. முதல் டிரிக்கரை ரிசால்வ் ஆக விட்டு, கிரீச்சர் எக்ஸைல் ஆன பிறகு அதே டிசென்சான்ட்டைப் போட்டிருந்தால், இரண்டாவது டிரிக்கர் கிளம்பி அதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கும். உடனே பதிலடி கொடுத்தே தீர வேண்டிய நிலை என்றால், ரிங்கைத் தொடாமல் வேறு வழி தேட வேண்டும். ரிங் ஸ்பெல்லாக ஸ்டாக்கில் இருக்கும்போதே கவுண்டர் செய்யலாம், அதாவது நிறைவேறாமல் ரத்து செய்யலாம். ஸ்டைஃபிள் மாதிரி திறன்களையே கவுண்டர் செய்யும் கார்டு கையில் இருந்தால் முதல் டிரிக்கரின் மேல் போடலாம். இல்லையென்றால் டார்கெட் ஆன கிரீச்சரைக் காப்பாற்றும் கார்டு எதையாவது போடலாம்.

பானிஷர் பிரீஸ்ட் 2013ல் மேஜிக் 2014 செட்டில் வந்தது. அதில் இந்த விஷயத்தில் டிரிக்கர் ஒன்றே ஒன்றுதான்: களத்துக்கு வரும்போது, எதிராளியின் ஒரு கிரீச்சரை, பிரீஸ்ட் களத்தை விட்டுப் போகும்வரை எக்ஸைல் செய். 'அன்டில்' என்ற அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. திருப்பிக் கொண்டுவருவது இங்கே தனி டிரிக்கர் அல்ல, முதல் வேலையின் காலக்கெடு. அந்தக் கெடு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டால் வேலையே நடக்காது, விதி 610.3 இதைத் தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் போல்ட் அடித்தபோது பிரீஸ்ட் செத்தது, டிரிக்கர் மட்டும் ஸ்டாக்கில் மிஞ்சியது. அது ரிசால்வ் ஆக வந்தபோது, பிரீஸ்ட் போகும்வரை என்ற கெடு ஏற்கெனவே முடிந்திருந்தது. உங்கள் கிரீச்சர் இருந்த இடத்திலேயே இருந்தது.

ரிங் போன்ற கார்டுகளில் ஒளிந்திருக்கும் இந்தத் தந்திரம் புதிதாக ஆட வருபவர்களைத் தொடர்ந்து கவிழ்த்துக்கொண்டிருந்தது. புதிய எழுத்துமுறை அந்த வழியை அடைத்துவிட்டது, எனக்கு அது நல்ல முடிவாகத்தான் படுகிறது. 2014ல் வந்த பானிஷிங் லைட் என்பது ஏறக்குறைய ஆப்லிவியன் ரிங்கைப் புதிய முறையில் எழுதியது என்றே சொல்லலாம். ஆனால் பழைய கார்டுகள் பழையபடியேதான் இருக்கின்றன. ஜர்னி டு நோவேர், ஃபீண்ட் ஹன்டர் எல்லாம் இரட்டை டிரிக்கர் வகை. ஃபீண்ட் ஹன்டரை வைத்து ஆடுபவர்கள் இதைத் தெரிந்தே தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்வார்கள். ஹன்டரின் முதல் டிரிக்கர் ஸ்டாக்கில் இருக்கும்போதே விசெரா சீர் மாதிரி கிரீச்சர்களைப் பலி கேட்கும் கார்டு ஒன்றுக்கு ஹன்டரை பலி கொடுத்துவிடுவார்கள். திருப்பும் டிரிக்கர் முன்னால் போய்த் தீர்ந்துவிடும், டார்கெட் ஆன கிரீச்சர் நிரந்தரமாகப் போய்விடும். எதிரே ஃபீண்ட் ஹன்டரும் பலி கொடுக்க ஒரு வழியும் சேர்ந்து தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பழைய முறைக்கு இன்னொரு விசித்திரமான விளைவும் உண்டு. களத்தில் லேண்ட் தவிர வேறு எதுவுமே இல்லாமல் மூன்று ஆப்லிவியன் ரிங்குகள் மட்டும் சுழற்சியில் மாட்டிக்கொண்டால், ஒன்று மற்றொன்றை எக்ஸைல் செய்ய, அது மூன்றாவதைத் திருப்பிக் கொண்டுவர, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். டார்கெட் செய்வது கட்டாயம் என்பதால் யாராலும் நிறுத்த முடியாது. யாராவது வெளியிலிருந்து குறுக்கிடாவிட்டால் அந்த ஆட்டம் டிரா.

பிரீஸ்ட்டுக்கு இரண்டு நேரத்திலும் பதிலடி கொடுக்கலாம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. டிரிக்கர் ஸ்டாக்கில் இருக்கும்போதே கொன்றுவிட்டால் உங்கள் கிரீச்சருக்கு ஒன்றும் ஆகாது. எக்ஸைல் ஆன பிறகு கொன்றால் அது திரும்பும், ஆனால் ஆட்டத்தின் கண்ணில் அது புதிய கிரீச்சர். அதன் மேலிருந்த +1/+1 கவுண்டர்கள் (பலம் கூட்டும் அடையாளங்கள்), மாட்டியிருந்த ஆரா (இன்னொரு கார்டோடு ஒட்டிக்கொள்ளும் கார்டு) எதுவும் மிஞ்சாது, ஹேஸ்ட் (வந்த டர்னிலேயே அட்டாக் செய்யும் திறன்) இல்லாவிட்டால் அந்த டர்னில் அட்டாக்கும் செய்ய முடியாது. டார்கெட் ஆனது டோக்கன் (கார்டாக இல்லாமல், வேறொரு கார்டின் பலனாக உருவான கிரீச்சர்) என்றால் காத்திருக்கவே கூடாது. எக்ஸைலுக்குப் போன டோக்கன் அங்கேயே இல்லாமல் போய்விடும், திரும்புவதற்கு எதுவும் இருக்காது. இன்னொரு நுணுக்கம்: பிரீஸ்ட் களத்தை விட்டுப் போனதும் கார்டு திரும்புவது ஸ்டாக்கைத் தொடாமல் உடனே நடக்கும், நடுவில் யாரும் எதுவும் செய்ய முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பதில்லை என்பதால், திரும்புவது குளோன் (வேறொரு கிரீச்சரின் நகலாகக் களத்துக்கு வரும் கார்டு) என்றால் அது போய்க்கொண்டிருக்கும் பிரீஸ்ட்டின் நகலாக வர முடியாது.

இங்கே உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வியையும் எடுத்துக்கொள்கிறேன். ரிங்தான் அழிந்துவிட்டதே, அதன் திறன் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது? எய்தவன் செத்தாலும் அம்பு நிற்பதில்லை. ஒரு திறன் டிரிக்கர் ஆனதும், அல்லது ஒருவர் அதை ஆக்டிவேட் செய்ததும், அது கிளம்பிய கார்டிலிருந்து விடுபட்டு ஸ்டாக்கில் தனியாக நிற்கிறது, விதி 113.7 சொல்வது இதைத்தான். 1993ல் முதல் செட்டிலேயே வந்த ப்ராடிஜல் சார்சரரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை டேப் செய்தால், அதாவது பயன்படுத்தியதற்கு அடையாளமாகக் கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால், 1 டேமேஜ். எதிராளி டேப் செய்து உங்களைக் குறிவைத்த பிறகு நீங்கள் போல்ட் அடித்து சார்சரரைக் கொல்லலாம், ஆனால் அந்த 1 டேமேஜ் உங்களுக்கு விழுந்தே தீரும். அதைத் தடுக்க வேண்டுமானால், டேப் ஆவதற்கு முன்பே கொன்றிருக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: நீங்கள் போல்ட்டைப் போட்டதும் எதிராளிக்குப் பிரயாரிட்டி வரும், அவர் உடனே டேப் செய்துகொள்வார். களத்துக்கு வந்த டர்னிலேயே அடித்தால்தான் தப்பிக்கலாம், ஏனென்றால் அப்போது அதற்கு டேப் செய்யும் தகுதி இருக்காது.

பானிஷர் பிரீஸ்ட் விதிவிலக்குப் போலத் தெரியும், ஆனால் இல்லை. அதன் டிரிக்கரும் ஸ்டாக்கில் இருந்தது, ரிசால்வும் ஆனது. தன் வாசகத்திலேயே பிரீஸ்ட் களத்தில் இருப்பதை நிபந்தனையாக வைத்திருந்ததால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

திறனின் வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? கார்டின் வாசகமே காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் முக்காற்புள்ளி இருந்தால் அது ஆக்டிவேட் செய்யும் திறன்: புள்ளிக்கு முன்னால் இருப்பது விலை, பின்னால் இருப்பது பலன். 'வென்', 'வெனெவர்', 'அட்' என்ற சொற்களில் ஒன்றோடு தொடங்கினால் டிரிக்கர். 'இன்ஸ்டெட்' என்றோ, களத்துக்கு வரும்போதே இப்படி வரும் என்று 'ஆஸ்' போட்டோ எழுதியிருந்தால், அது ஒரு நிகழ்வை இன்னொன்றாக மாற்றிவிடும் திறன், அதாவது ரீப்ளேஸ்மென்ட். இவை எதுவும் இல்லாமல் ஓர் உண்மையைச் சொல்வதுபோல எழுதியிருந்தால் ஸ்டாட்டிக், களத்தில் இருக்கும்வரை சும்மா வேலை செய்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு வகைகள் ஸ்டாக்கில் ஏறும், அதனால் பதிலடிக்கு இடம் உண்டு. பின்னிரண்டு ஏறாது, பதிலடிக்கு இடமே கிடையாது.

விலை என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். விசெரா சீரின் திறன், ஒரு கிரீச்சரைப் பலி கொடு, முக்காற்புள்ளி, ஸ்க்ரை 1 (கட்டின் மேல் கார்டைப் பார்த்து, அங்கேயே வைப்பது அல்லது அடியில் போடுவது) என்று இருக்கும். பலி கொடுப்பது விலை. விலை கொடுப்பதற்கு யாரும் பதிலடி கொடுக்க முடியாது. நீங்கள் எதிராளியின் கிரீச்சர் மேல் போல்ட் அடிக்கிறீர்கள், அவர் அதைச் சீருக்குப் பலி கொடுக்கிறார். போல்ட் ரிசால்வ் ஆக வரும்போது அதன் ஒரே டார்கெட் இல்லாததால் எதுவும் செய்யாமல் கிரேவ்யார்டுக்கு (தீர்ந்துபோன கார்டுகளின் குவியல்) போகும். பலி கொடுக்கும்போது நடுவில் புகுந்து இன்னொரு போல்ட்டால் முதலில் கொன்றுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புகுவதற்கு இடைவெளியே இல்லை. நீங்கள் பேசத் தொடங்கும்போது அந்தக் கிரீச்சர் களத்திலேயே கிடையாது. லானோவார் எல்வ்ஸை டேப் செய்து மானா எடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்: முக்காற்புள்ளி இருந்தாலும் மானா திறன்கள் ஸ்டாக்கில் ஏறாது, பதிலடி கிடையாது. 2006ல் டைம் ஸ்பைரலில் வந்த ஸ்ப்ளிட் செகண்டுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தத் திறனுள்ள கிரோசன் கிரிப் மாதிரி ஒரு கார்டு ஸ்டாக்கில் இருக்கும்வரை யாரும் ஸ்பெல் போட முடியாது, திறன்களை ஆக்டிவேட் செய்ய முடியாது, மானா திறன்கள் மட்டும் விலக்கு. ஆனால் டிரிக்கர்கள் வழக்கம்போலக் கிளம்பும். எல்லாமே உறைந்துபோகும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து, ஸ்டாக்கில் ஏறாமலேயே ஆட்டம் தானாகச் செய்யும் வேலைகள். டேமேஜ் நிறைந்த கிரீச்சர் அழிவது, லைஃப் பூஜ்யமானவர் தோற்பது எல்லாம் இதில் அடங்கும். ஸ்டேட்-பேஸ்ட் ஆக்ஷன்ஸ் என்பார்கள், விதி 704. இவற்றை ஆட்டம் எப்போது பார்க்கிறது என்பதுதான் முக்கியம்: யாருக்காவது பிரயாரிட்டி கிடைக்கப்போகும் ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன்னால். ஒரு ஸ்பெல் பாதி ரிசால்வ் ஆகிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் பார்ப்பதில்லை.

இதற்கு டார்மோகாய்ஃபை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. 2007ல் ஃப்யூச்சர் சைட்டில் வந்த இந்தக் கிரீச்சரின் பவர் (அது அடிக்கும் டேமேஜ்), எல்லோருடைய கிரேவ்யார்டுகளிலும் சேர்த்து எத்தனை கார்டு வகைகள் இருக்கின்றனவோ அத்தனை. டஃப்னெஸ் (அதைக் கொல்லத் தேவையான டேமேஜ்) அதைவிட ஒன்று அதிகம். கிரேவ்யார்டுகளில் லேண்டும் கிரீச்சரும் மட்டும் இருக்கின்றன என்று வையுங்கள், டார்மோகாய்ஃப் 2/3. அதன் மேல் லைட்னிங் போல்ட் அடிக்கிறீர்கள். 3 டேமேஜ், 3 டஃப்னெஸ், செத்தது என்றுதான் தோன்றும். ஆனால் சாகாது. போல்ட் 3 டேமேஜைக் கொடுக்கிறது. இன்னும் அதன் ரிசால்வ் முடியவில்லை. கடைசிப் படியாக போல்ட் கார்டு கிரேவ்யார்டுக்குப் போகிறது. இதுவரை அங்கே இல்லாத இன்ஸ்டன்ட் வகை இப்போது சேர்ந்துவிட்டது, டார்மோகாய்ஃப் 3/4 ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்டம் எட்டிப் பார்க்கிறது: 4 டஃப்னெஸ், 3 டேமேஜ். பிழைத்துக்கொண்டது. கிரேவ்யார்டில் ஏற்கெனவே ஓர் இன்ஸ்டன்ட் கிடந்திருந்தால் அது முதலிலேயே 3/4 ஆக இருந்திருக்கும், போல்ட் அப்போதும் போதாது. ஆக டார்மோகாய்ஃப் மேல் போல்ட்டை எடுக்கும் முன் எல்லோருடைய கிரேவ்யார்டுகளையும் எண்ணிப் பார்ப்பது கட்டாயம்.

ரீப்ளேஸ்மென்ட் வகையைப் பொறுத்தவரை ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் போதும்: மாற்றப்பட்ட நிகழ்வு நடக்கவே இல்லை. 2012ல் ரிட்டர்ன் டு ராவ்னிகாவில் வந்த ரெஸ்ட் இன் பீஸ் களத்தில் இருந்தால், கிரேவ்யார்டுக்குப் போக வேண்டிய கார்டு எக்ஸைலுக்குப் போகும். கிரேவ்யார்டுக்குப் போனால்தான் கிரீச்சர் செத்ததாகக் கணக்கு. அதனால், கிரீச்சர் செத்தால் கிளம்பும் ப்ளட் ஆர்ட்டிஸ்ட்டின் டிரிக்கர் இங்கே கிளம்பாது, ஒரு கணம் செத்து அப்புறம் எக்ஸைல் ஆனது என்ற வாதம் எடுபடாது.

இப்போது உங்கள் பித்திங் நீடில். அதன் வாசகம், களத்துக்கு வரும்போதே ஒரு கார்டின் பெயரைத் தேர்ந்தெடு என்று 'ஆஸ்' போட்டு எழுதப்பட்டது. டிரிக்கர் அல்ல. பெயர் சொல்வதும் நீடில் களத்துக்கு வருவதும் ஒரே கணம். பெயர் காதில் விழும்போது நீடில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது, அந்தப் பெயருள்ள கார்டின் திறனை, மானா திறனாக இருந்தால் ஒழிய, ஆக்டிவேட் செய்ய முடியாது. எனவே உங்களுக்கு வாய்ப்பு இருந்தது நீடில் ஸ்பெல்லாக ஸ்டாக்கில் இருந்தபோது மட்டும்தான். எந்தப் பெயரைச் சொல்வாரோ என்று தெரியாமலேயே, ஆக்டிவேட் செய்வதா வேண்டாமா என்று அப்போதே முடிவெடுத்திருக்க வேண்டும். கஷ்டமான முடிவுதான், ஆனால் அந்தக் கார்டின் பலமே அதுதான்.

டோர்னமென்ட் விதிகளில் இதற்கு ஒரு கூடுதல் பொறி இருக்கிறது. எதிராளி நீடிலைப் போட்டதும், என்ன பெயர் என்று நீங்கள் கேட்டுவிட்டால், நீங்கள் பிரயாரிட்டியைப் பாஸ் செய்து நீடிலை ரிசால்வ் ஆக விட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கேட்காதீர்கள்; ஒரு நிமிஷம், யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். மாறாக, எதிராளி அவசரத்தில் நீடிலைப் போடும்போதே பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அது உங்களுக்கு லாபம். நீங்கள் பதிலடி கொடுக்காத வரை அவர் அந்தப் பெயரை மாற்ற முடியாது. நீங்கள் பதிலடி கொடுத்தால் மட்டும் அவர் வேறு பெயர் சொல்லிக்கொள்ளலாம்.

அதே போல, ஒருவர் ஒரு ஸ்பெல்லைப் போட்டால், பிரயாரிட்டியை வைத்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லாத வரை, பாஸ் செய்ததாகத்தான் டோர்னமென்ட்டில் கணக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பெல்களை ஸ்டாக்கில் அடுக்க வேண்டுமென்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஜட்ஜ் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

வாசகத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு சின்னச் சொல் 'இஃப்'. டெஸ்ட் ஆஃப் எண்டுரன்ஸ் என்ற கார்டு, உங்கள் அப்கீப்பின் (டர்னின் ஆரம்பக் கட்டம்) தொடக்கத்தில், 50 அல்லது அதற்கு மேல் லைஃப் இருந்தால், நீங்கள் ஜெயித்தீர்கள் என்கிறது. நிபந்தனை டிரிக்கரின் நேரத்துக்கும் பலனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தால், விதி 603.4 படி ஆட்டம் அதை இரண்டு முறை பார்க்கும். அப்கீப் தொடங்கும்போது 49 லைஃப் இருந்தால் டிரிக்கரே கிளம்பாது, அதற்குப் பிறகு அப்கீப்பிலேயே 1 லைஃப் ஏற்றிக்கொண்டாலும் பயனில்லை. தொடங்கும்போது 50 இருந்து டிரிக்கர் கிளம்பிய பிறகு எதிராளி ஒரு போல்ட் அடித்து 47 ஆக்கிவிட்டால், ரிசால்வ் ஆகும்போது நிபந்தனை பொய்யாகி ஒன்றும் நடக்காது. இந்த வகைக் கார்டுக்கு எதிராக ஆடும்போது போல்ட்டை உங்கள் டர்னில் வீணாக்காமல் எதிராளியின் அப்கீப்புக்கு வைத்திருப்பது நல்லது.

இரண்டு பேரின் டிரிக்கர்களும் ஒரே நேரத்தில் கிளம்பினால், யாருடைய டர்னோ அவருடையவை முதலில் ஸ்டாக்கில் ஏறும், மற்றவருடையவை அதற்கு மேலே. மேலே இருப்பது முதலில் இறங்குவதால், டர்ன் இல்லாதவரின் டிரிக்கர்தான் முதலில் நடக்கும். தன்னுடைய டிரிக்கர்களுக்குள் எது முன்னே எது பின்னே என்பது அவரவர் விருப்பம்.

விதிகளைப் பற்றி ஒருவர் ஒன்று சொல்ல இன்னொருவர் வேறு சொல்வதாகக் குழம்பியிருந்தீர்கள். இருவருமே அவரவர் கற்றுக்கொண்ட காலத்தில் சரியாக இருந்திருக்கலாம். ஸ்டாக் என்ற ஏற்பாடே 1999ல் ஆறாம் பதிப்போடுதான் வந்தது. அதிலிருந்து 2009 வரை காம்பாட் (கிரீச்சர்களின் சண்டை) டேமேஜும் ஸ்டாக்கில் ஏறிக்கொண்டிருந்தது. மாக் ஃபனாட்டிக் என்ற குட்டிக் கிரீச்சர் காம்பாட்டில் டேமேஜை ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு, அது இறங்கும் முன் தன்னைப் பலி கொடுத்து இன்னொரு 1 டேமேஜும் அடிக்கும், இரண்டும் கிடைக்கும். 2009ல் மேஜிக் 2010 செட்டின் விதிமாற்றத்தோடு அது போயிற்று. இப்போது டேமேஜ் ஒரே நேரத்தில் விழும். முன்பே பலி கொடுத்தால் காம்பாட் டேமேஜ் இல்லை, காத்திருந்தால் பலி கொடுக்க ஆள் இருக்காமல் போகலாம். 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் செட்டோடு இன்னொன்றும் மாறியது. ஒரு அட்டாக்கரைப் பல பேர் பிளாக் செய்தால், யாருக்கு முதலில் டேமேஜ் என்று வரிசை அறிவிக்கும் வழக்கம் இருந்ததே, அது இப்போது இல்லை. டேமேஜ் விழும் நேரத்தில் அட்டாக்கரின் சொந்தக்காரர் தன் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம். வரிசையைப் பார்த்துவிட்டு முதல் பிளாக்கரைப் பெரிதாக்கி மற்றவர்களைக் காப்பாற்றும் பழைய உத்தி இனி பலிக்காது. பழைய கார்டுகளின் அச்சு வாசகத்தையும் அப்படியே நம்பாதீர்கள். செல்லுபடியாவது கேதரர் தளத்தில் உள்ள ஆரக்கிள் வாசகம், அதாவது இன்றைய அதிகாரபூர்வ வாசகம்தான், அதை ஜட்ஜிடம் கேட்டு வாங்கிப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, நீங்கள் மறந்த டிரிக்கர். போட்டி அளவில் ஆடும்போது அவரவர் டிரிக்கரை அவரவர்தான் நினைவில் வைக்க வேண்டும். எதிராளி உங்களுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டவர் அல்ல, அவர் வாய் திறக்காதது விதிப்படி சரி. உங்களுக்கே பாதகமான டிரிக்கரை வேண்டுமென்றே மறந்ததுபோல நடிப்பது மட்டும் ஏமாற்று, அதற்குத் தண்டனை கடுமை. டிரிக்கரை எப்போது சொல்ல வேண்டும் என்பதும் வகையைப் பொறுத்தது. டார்கெட் தேவைப்படுவதை, அடுத்து பிரயாரிட்டியைப் பாஸ் செய்வதற்குள் டார்கெட்டோடு சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் பவரை ஏற்றுவது மாதிரி இருந்தால், அதன் விளைவு வெளியே தெரியும் கணம் வரை பேசாமல் இருக்கலாம். 1/2 மோனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியரால் அட்டாக் செய்கிறீர்கள், யாரும் பிளாக் செய்யவில்லை, ஒரு போல்ட் போடுகிறீர்கள். ப்ரோவெஸ் டிரிக்கரை (கிரீச்சர் அல்லாத ஸ்பெல்லைப் போட்டால் அந்த டர்னில் +1/+1) அப்போதே அறிவிக்காவிட்டாலும் பரவாயில்லை. டேமேஜ் விழும்போது இரண்டு என்று நீங்கள் சொன்னால் போதும். எதிராளி ஒன்று என்று எழுத, நீங்களும் சரி என்று தலையாட்டிவிட்டால் அந்த டிரிக்கர் தவறிப்போனதாகிவிடும்.

தவறிப்போனது சீக்கிரமே கண்ணில் பட்டால் நீங்களாகத் திருத்தாதீர்கள், எதிராளியோடு வாதமும் வேண்டாம், கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுங்கள். அந்த டிரிக்கரை இப்போது ஸ்டாக்கில் ஏற்றலாமா வேண்டாமா என்று ஜட்ஜ் எதிராளியிடம்தான் கேட்பார். உங்களுக்கு அது நன்மை தருவதாக இருந்தால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார், அது அவருடைய உரிமை. வெள்ளிக்கிழமை இரவுகளில் கடையில் ஆடும் சாதாரண ஆட்டங்களில் ஜட்ஜுக்குக் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. ஆட்டம் ரொம்பத் தூரம் போகாமல் இருந்து, ஏற்றினால் குழப்பம் வராது என்று பட்டால் அவரே ஏற்றிவிடுவார். 'மே' என்று எழுதிய டிரிக்கரை மட்டும், நீங்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.